அர்ச்சனையில் விட்டுப்போன பெயர்

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டில், காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் வீட்டில் நடந்தவை இவை:

1. அண்ணன் வேலைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பேசுவதும் குறைந்தது.
2. அவர் சிங்கப்பூரில் வேலை செய்வதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னார்.
3. ஆஸ்பத்திரியில் தாதியாகப் பயிற்சி பெற்ற நானும் அதையே சொன்னேன்.

கோயில் அர்ச்சனைக்கு வீட்டார் பெயர், நட்சத்திரங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஐயர் உரக்க வாசித்தால் கேள்வி வருமென்று அண்ணன் பெயரை மட்டும் எழுதாமல் விட்டேன். அந்த வெள்ளிக்கிழமை, பல மாதங்களுக்குப் பிறகு முகம் மழித்துக்கொண்டு, அவராகவே கோயிலுக்கு வந்து எங்கள் பின்னால் நின்றிருக்கிறார். நாங்கள் கவனிக்கவில்லை. ஐயர் வாசித்து முடித்தார்.

“என் பேரு எங்க, தங்கச்சி?”

திரும்பினேன். பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டார். “சிங்கப்பூர்லேருந்து எப்ப வந்தே, தம்பி? கப்பல்லயா, பஸ்லயா?”

அம்மா என் கையைக் கிள்ளினார். “லீவுல வந்திருக்கான்னு சொல்லு.”

எனக்கு எரிச்சல் பொங்கியது. பாதி அம்மா மீது, பாதி என் மீது.

“அவரு எங்கயும் போகலக்கா, வீட்லதான் இருக்காரு. மனசு சரியில்ல. அதுவும் ஒரு சீக்குதான், வைத்தியம் பாக்கணும்.”

பிறகு ஐயரிடம் அண்ணன் பெயரைச் சொல்லி மறுபடி அர்ச்சனை செய்யக் கேட்டேன்.

காய்ச்சல்காரரைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போகிறோம். மனம் நொந்தவரை மட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பேச்சில் வெளியூர் அனுப்பிவிடுகிறோம்.

இப்போது அண்ணன் என்னோடு டாக்டரிடம் வருகிறார். அம்மா என்னோடு பேசுவதில்லை. அண்ணனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.