ராஜா விருந்தில் நோன்பு வைத்த பிரபு

நாங்கள் அமெரிக்காவில் சுகர் லேண்டில் குடியிருந்தபோது, இரண்டாயிரத்து நாலு வாக்கில், ஓர் இலையுதிர்காலம் முழுக்க சனி, ஞாயிறுகளில் நான் இங்கிலாந்துப் பிரபுவாக இருந்தேன். மற்ற ஐந்து நாளும் ஹூஸ்டனில் ஓர் எரிவாயு கம்பெனியில் மேனேஜர்.

எனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர்தான் இதற்குக் காரணம். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த தாடி, பெருத்த வயிறு. ஊருக்கு வெளியே பைன் மரக்காட்டில் வருடா வருடம் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தைப் போல ஒரு சந்தை போடுவார்கள். அதில் அவர்தான் ராஜா. அவருடைய அவையில் இருந்த பிரபு வேலை மாறி வேறு மாநிலம் போய்விட்டார். "நீங்க வந்து நில்லுங்க பாஸ், போதும்" என்றார்.

"என்னைப் பார்த்தா இங்கிலீஷ் பிரபு மாதிரியா இருக்கு?"

"ரொம்ப நாள் கப்பல்ல போய் வெயில்ல கறுத்துட்டீங்கன்னு சொல்லிக்கலாம்."

கப்பலோட்டிகளின் ஊரான காயல்பட்டினத்தில் பிறந்தவனைப் பார்த்துச் சொன்னதால் அது எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது. சம்மதித்துவிட்டேன்.

உடுப்பு வந்தது. வெல்வெட் கோட்டு, இறகு வைத்த தொப்பி, கழுத்தைச் சுற்றிப் பெரிய இடியாப்பம் போல ஒரு வெள்ளைக் காலர். காலுக்கு இறுக்கமான ஒரு நீளக் காலுறை. அதைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது என் மகள் டிவியிலிருந்து திரும்பி, "வாப்பா, ஆர் தோஸ் உம்மாஸ் லெக்கிங்ஸ்?" என்றாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதுக்கு மேல ஒரு கைலியையாவது கட்டிக்கிட்டு ட்ரைவ் பண்ணுங்க. ஃப்ரீவேல யாராச்சும் நம்மாளுங்க பார்த்துடப்போறாங்க" என்றாள். கட்டிக்கொண்டுதான் போனேன்.

அவையில் ஆயிரம் சட்டம். ராஜாவுக்கு முதுகைக் காட்டக்கூடாது. அதனால் வெளியே போகும்போதெல்லாம் பின்பக்கமாகவே நடந்து இரண்டு முறை பூத்தொட்டியில் விழுந்தேன். ராஜா உட்காராமல் உட்காரக்கூடாது. ராஜா கொடுத்ததை மறுக்கக்கூடாது. திங்கட்கிழமை என்னிடம் லீவு கேட்டு நிற்கும் மனிதர் முன்னால் சனிக்கிழமை நான் மண்டியிட்டுக்கொண்டிருந்தேன். அதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்கவே இல்லை.

பாதியில் ரமலான் வந்தது. நிற்கிற வேலைதானே என்று நோன்போடே போய்வந்தேன். நான் நோன்பு என்பது ஆபீஸில் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கிரீடத்தைத் தலையில் வைத்ததும் ஆபீஸ் சம்பந்தப்பட்ட எல்லாம் மறந்துவிடும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விருந்துக் காட்சியில், கூட்டம் நிறைந்திருந்தபோது, திடீரென்று ஒரு பெரிய வான்கோழிக் காலைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"இதில் நஞ்சு கலந்திருக்கலாம் என்று ஐயுறுகிறோம். எமது அன்புக்குரிய பிரபுவே, முதலில் நீர் உண்டு காட்டும்!"

ஒத்திகையில் இல்லாத வசனம். ஜனங்கள் சிரித்தார்கள். நான் நோன்பு. இல்லாவிட்டாலும் அது ஹலாலான கோழி இல்லை. ராஜா தந்ததை மறுக்கவும் முடியாது. அப்படியே மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றி, வாயில் வந்ததைச் சொன்னேன்:

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. தங்கள் படை போரில் வெல்ல வேண்டும் என்று விரதம் பூண்டிருக்கிறேன். சூரியன் மறையும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் தொடமாட்டேன்."

கைதட்டல் காதைப் பிளந்தது. அதில் ராஜாவுக்கு வெறி ஏறிவிட்டது. வான்கோழிக் காலைத் தட்டில் எறிந்துவிட்டு எழுந்து நின்றார்.

"எம் பிரபு பட்டினி கிடக்க, யாம் உண்பதா? சூரியன் மறையும்வரை இந்த அவையில் எவரும் உண்ணலாகாது!"

மறுபடியும் கைதட்டல். அது ஓய்ந்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. இன்னும் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

வழக்கமாக விருந்து முடிந்ததும் கலைந்துபோகும் கூட்டம் அன்று நகரவில்லை. ராஜா தாக்குப்பிடிப்பாரா என்று பார்க்க உட்கார்ந்துவிட்டது. ராணி வார நாட்களில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட். இடுப்புக் கச்சை இறுக்கியதால் மதியமும் சாப்பிடாதவள். விசிறிக்குப் பின்னால் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். பேராயர் வேடத்தில் இருந்தவர் திராட்சை ஒன்றை நைசாக அங்கிக்குள் எடுத்தார். "பிஷப் திங்கிறார்!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, திராட்சை தட்டுக்குத் திரும்பியது. ராஜாவின் வயிறு இரைந்தது முன்வரிசைவரை கேட்டது.

லேஸ் கைப்பட்டைக்குள் ஒளித்திருந்த டிஜிட்டல் வாட்சை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூரியன் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில், நான் நோன்பு திறப்பதற்காக என் மனைவி மகளோடு வந்து சேர்ந்தாள். கையில் ஃபிளாஸ்க்கும் ஒரு டப்பாவும். ஒரு ராஜசபையே எழுந்து நின்று தன் டப்பாவையே வெறிப்பதைப் பார்த்து அரண்டுபோனாள்.

"என்னங்க ஆச்சு இவங்களுக்கு?"

"பசி. எல்லாருக்கும் குடு."

பேரீச்சம்பழம் ஆளுக்கொன்று வந்தது. நான் இரு கைகளையும் ஏந்தி துஆ ஓதினேன். இதுவும் அவையின் ஏதோ சட்டம் என்று நினைத்து ராஜா கைகளை ஏந்தினார். உடனே ராணி, பேராயர், சேவகர்கள், முன்வரிசை ஜனங்கள் எல்லோரும் ஏந்தினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில்கூட இவ்வளவு பேரோடு திறந்த வெளியில் நான் நோன்பு திறந்ததில்லை.

பிறகு நோன்புக் கஞ்சியை ராஜாவின் வெள்ளிக் கோப்பையில் ஊற்றினாள் மனைவி. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ராஜமொழியை மறந்து, "பாஸ், இதுல என்ன போடுவாங்க?" என்றார்.

மறுநாள் காலை என் கேபினுக்கு வந்து நின்றார். அந்தக் காட்சி ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். சந்தை முடியும்வரை பிரபு விரதம் இருந்தே ஆக வேண்டுமாம். ஆனால் இனி விரதம் பிரபுவுக்கு மட்டும், ராஜாவுக்கு இல்லையாம்.

"ரமலான் அதுக்குள்ள முடிஞ்சிடுமே" என்றேன்.

"அது உங்களுக்கு. பிரபுவுக்கு முடியாது."

பெருநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமை விடியுமுன் எழுந்து சஹர் சாப்பிட உட்கார்ந்தேன். பெருநாளுக்கு அடுத்து வைக்கும் ஆறு நோன்பில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மனைவி தட்டை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"ஆறு நோன்பு வைங்க, வைங்கன்னு வருஷா வருஷம் கெஞ்சினேன். காதுலயே வாங்கலை. வெள்ளைக்கார ராஜா சொன்னாத்தான் வைப்பீங்களோ?"

நான் முட்டையை உரித்தேன். அந்த வருடம்தான் முதன்முறையாக ஆறையும் வைத்து முடித்தேன்.