வாயில் கை விட்டவர்கள்

திருவொற்றியூரில் நான் டோக்கன் எழுதும் நாய், பூனை கிளினிக்கில் வேம்புவுக்கு ஒரே வேலை, பிடிப்பது. டாக்டர் ஊசி போட்டு முடிக்கும்வரை மிருகம் திமிறாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வருஷமாகப் பிடிக்கிறாள். இடது சுண்டுவிரல் பாதிதான் மிச்சம். அடித்த புருஷனைத் திருப்பி அடித்துவிட்டு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தனியாக வாழ்கிறவள். அவளுக்கு முன்கோபம் என்று எல்லாரும் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபமெல்லாம் கிளினிக்குக்கு வருகிறவர்கள் மேல்தான். சங்கிலி இல்லாமல் கொண்டுவருவார்கள். வாயைக் கட்டுங்கள் என்றால், "எங்க டைகரு கொயந்த மாதிரி" என்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொய்யைப் பொறுக்க முடியாது. "யாரையாவது கடிச்சுதா?" என்று எல்லாரிடமும் கேட்கிறேன். உண்மையைச் சொன்னால் நாயைக் கொன்றுவிடுவோம் என்று பயந்து, "இல்ல" என்று சாதிப்பார்கள்.

போன சித்திரையில் ஒரு காலை, எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டும் வல்லரசு வந்தான். கூடவே ஏழு வயது மகள் செங்கொடி. அவன் தோளில் கிடந்த கறுப்பு நாயின் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் அவன் சட்டையெல்லாம் ஒழுகியிருந்தது.

"ராஜாக்கு தொண்டைல எலும்பு மாட்டிகினு கீது. மூணு நாளா தண்ணி கூட எறங்கல" என்றான்.

நாயைக் கையில் வாங்கப் போன வேம்பு நின்றுவிட்டாள். இந்தத் தாடையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். வெறிபிடித்த நாய் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்றுதான் ஊர் நினைக்கிறது. சில நாய்களுக்குத் தாடை விழுந்துவிடும், விழுங்க முடியாது. பார்க்கிறவர்கள் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடுவார்கள். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், எச்சில் வழியாக நோய் தொற்றிவிடும். ஊசி போடாமல் விட்டு நோய் வந்துவிட்டால், பிழைக்கவைக்க மருந்து கிடையாது.

டாக்டர் சுகிர்தமும் வேம்புவும் கையுறையோடு நாயை வாங்கி இரும்புக் கூண்டில் அடைத்தார்கள். அது கம்பியில் மண்டையை மோதி மோதி ரத்தம் தெறிக்கவிட்டது.

"வாய்ல யாரு கை வுட்டது?" என்று கேட்டாள் வேம்பு.

"யாரும் வுடல. கூண்டத் தொற." மேஜையை எட்டி உதைத்தான் வல்லரசு. மருந்துப் பாட்டில்கள் நொறுங்கின. நாய்ச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தான். "என் ராஜாவ சாவடிக்கப் பாக்குறீங்களா?"

"யாருன்னு சொல்லு, அப்பால என்ன வெட்டு." கூண்டை மறைத்து நின்றாள் வேம்பு.

"நான்தான் வுட்டேன், அத்த" என்றாள் செங்கொடி. "அப்பா கை பெருசு, உள்ள போவல. என் கை போச்சு." நீட்டிய கையில் இரண்டு நீளக் கீறல்கள். மேலே சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"வாய மூட்றீ!" மகள்மேல் சங்கிலியை வீசினான். வேம்பு குறுக்கே பாய்ந்தாள். அவள் புருவம் கிழிந்தது. கண்ணில் ரத்தம் வழிய, அவன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். மறுபடி மோதினாள். அவன் பல் உடைந்து விழுந்தது. நான் தடுத்திருக்க வேண்டும். இன்னொரு மோது மோத மாட்டாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாயி ரெண்டு நாள்ல தானா சாவும்டா. உம் பொண்ணும் சாவணுமா? தண்ணியப் பாத்து அலறிகினே சாவணுமா?" என்றாள் வேம்பு.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சுண்ணாம்பைக் கழுவி, கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் குழாயடியில் பிள்ளையின் கையைக் கழுவினாள் வேம்பு. பிள்ளை வீறிட்டது. பிறகு எல்லோரும் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கீறலைச் சுற்றியே ஊசி குத்தினார்கள். அப்போது நர்ஸ், "வேற யாராச்சும் கை வெச்சாங்களா?" என்று கேட்டார்.

வல்லரசு வாயைத் திறந்தான். மறுபடி பொய்தான் என்று நினைத்தேன்.

"நானு. எம் பொண்டாட்டி. மெக்கானிக் பர்ஹான். எதுத்த வூட்டு பரசுராமன். பக்கத்து வூட்டு மலிகா" என்றான். "தெருவே வந்து எலும்பத் தேடுச்சு."

ராஜா மறுநாள் செத்தது. தேதி தவறாமல் எல்லா ஊசியும் போட்டு, செங்கொடி இப்போது நன்றாகப் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே மதியம், ராஜாவுக்கு வெறி என்று ஒவ்வொரு வாசலாகப் போய் வல்லரசுவேதான் சொல்ல வேண்டியிருந்தது. தலையில் கட்டோடு வேம்புவும் நானும் பின்னால் நின்றோம்.

மலிகா இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு வந்தாள். கேட்டதும் தன் கையைப் பார்த்தாள்.

"மூணு நாளா இந்தக் கையாலதானடா இதுக்கு சோறு ஊட்னேன்!"

பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். முகத்தில், உடைந்த பல்மேல், கழுத்தில். அவன் கையைத் தூக்கவே இல்லை. அவள் ஓய்ந்ததும், வாயிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினான்.

"ஆட்டோ நிக்குது. அடிக்கணும்னா போற வயில அடி, வா."