கால்வாய்ப் படகில் நான் மாற்றிய வரிசை

என் தங்கைக்குக் கூடி வந்த கல்யாணத்தைக் கெடுத்தவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை, தெரிந்தே செய்தேன். அதோடு நிற்கவில்லை. அவளைப் பார்க்க வந்த மனிதரை அடுத்த ஆண்டு நானே மணந்துகொண்டேன். இதை எழுதும்போதும் அவர் அடுத்த அறையில்தான் நாளிதழ் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை காலம் கழித்து இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? சொல்ல வேண்டிய இருவரிடமும் சொல்லத் துணிவில்லாததால்தான்... வேறு காரணம் ஏதும் தேடாதீர்கள்.

நாங்கள் சித்தூர்க்காரர்கள், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். என் தங்கை சுகிர்தா பிறந்த சில நாட்களில் அம்மா இறந்துபோனாள். குழந்தையைத் திருப்பதியில் இருந்த அத்தை எடுத்துப்போய் வளர்த்தாள். அங்கே அவள் படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளியில். அத்தை காலமானபின் வளர்ந்த பெண்ணாக வீடு திரும்பினாள். எங்களைப் போலவே தமிழ் பேசுவாள். சண்டை போடுவாள், கேலி செய்வாள். ஆனால் தமிழில் ஓர் எழுத்துக்கூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

நானோ பள்ளி ஆசிரியை! சித்தூரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தவள். "எனக்கும் எழுத்து சொல்லிக்குடு அக்கா" என்று அவள் கேட்டபோதெல்லாம், "நாளைக்கு ஆகட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போது எனக்கே தெரியவில்லை. இன்று தெரிகிறது. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற சுகத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவளிடம் அழகு இருந்தது, சிரிப்பு இருந்தது, நைனா என்று நாங்கள் அழைக்கும் அப்பாவின் செல்லம் இருந்தது. எனக்கு எழுத்து மட்டும்தான்!

எங்கள் வீடுகளில் காலை ஜெபத்தின்போது வேத வாசிப்பு சுற்றி வரும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, புத்தகம் கைமாறும். ஆளுக்கு ஒரு வசனம். வாசிக்க வராதவள் என்று அவள் தலைகுனியக் கூடாதே என்பதற்காக நானும் அவளும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். மறுநாள் எந்தப் பகுதி, யார் எங்கே உட்காருவார்கள் என்று பார்த்து, அவளுக்கு வரக்கூடிய வசனத்தை மாலையிலேயே படித்துக் காட்டுவேன். இரண்டு முறை கேட்டால் போதும், அவளுக்குப் பாடமாகிவிடும். காலையில் புத்தகத்தை மடியில் வைத்து, கண்களைத் தாழ்த்தி, அட்சரம் பிசகாமல் சொல்வாள். பார்க்கிறவர்கள் வாசிக்கிறாள் என்றே நம்புவார்கள்.

ஆந்திர மாநிலம் பிரிந்து, எல்லையை எங்கே போடுவது என்ற வாக்குவாதம் ஊர்தோறும் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. சித்தூர் எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று தேநீர்க்கடையில்கூடச் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். திருத்தணியில் ஆசீர்வாதம் வாத்தியார் என்றொருவர். எல்லைக் கிளர்ச்சிக் கூட்டம் ஒன்றையும் விடாதவர். அவருடைய மகன் ஜெயசீலன், சென்னையில் பொதுப்பணித்துறை ஓவர்சியர். சுகிர்தாவுக்குப் பேச்சு வந்தது அந்த இடத்திலிருந்துதான். வரதட்சணை, நகை எதையும் வாத்தியார் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பொண்ணு நல்லாத் தமிழ் வாசிக்கணும். என் பேரப்புள்ளைங்களுக்கு எழுத்து தாயார் கையால வரணும். அவ்வளவுதான்."

"அதுக்கென்னங்க, நல்லா வாசிப்பா" என்றார் நைனா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அன்று மாலை என்னிடம் மெல்லச் சொன்னார்: "கல்யாணம் ஆனதும் நீயே ஒக்காந்து சொல்லிக்குடுத்துடு. அதுவரைக்கும் நீதான் சமாளிக்கணும், கண்ணு."

என்னை நம்பினார்! வீட்டில் மூத்தவள் நான் இருக்க, இளையவளுக்குப் பேசுவதைப் பற்றி ஊர் முணுமுணுத்தது. எப்போதோ ஒருமுறை, கோபத்தில், "எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். அதற்குப்பின் யாரும் என்னைக் கேட்கவே இல்லை... ஒருவரும்.

பெண் பார்க்கும் சடங்கை வீட்டில் வைத்து, தட்டிப்போனால் பெண்ணுக்கு இழுக்காயிற்றே. ஆகவே தற்செயலாகச் சந்திப்பதுபோல எங்காவது ஏற்பாடு செய்வது எங்களுக்குள் வழக்கம். அந்தக் கோடையில் எங்கள் சபையார் படகுப் பயணம் ஒன்றுக்குத் திட்டமிட்டிருந்தார்கள். சூளூர்பேட்டையை அடுத்த துறையில் ஏறி, ஏரியைக் கடந்து பழவேற்காடு. அங்கிருந்து கால்வாய் வழியே சென்னை. பிறகு மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம். அந்தப் பழைய துறைமுகங்களைப் பற்றியெல்லாம் படித்து வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். விளக்கிச் சொல்லும் பொறுப்பும், காலை ஜெபத்தை நடத்தும் பொறுப்பும் என்னிடம் வந்தன. வாத்தியார் குடும்பமும் எங்களோடு ஏறிக்கொண்டது.

எத்தனை அழகான பயணம் அது! ஏரி ஆழமில்லாதது, படகுக்காரர்கள் கழி ஊன்றித் தள்ளினார்கள். தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. சுகிர்தா அவற்றைப் பார்க்க எழுந்து நின்றபோது படகு ஒருபக்கம் சாய்ந்தது.

"கூர்ச்சோம்மா! படவ ஊகுதுந்தி!" என்று தெலுங்கில் கத்தினார் படகுக்காரர், உட்காரச் சொல்லிக் கையைக் காட்டியபடி.

"கொக்கு பார்த்தா கூட உட்கார்ந்துதான் பார்க்கணுமா? என்ன படவய்யா உங்க படவ!" என்று அவள் திருப்பிக் கொடுக்க, கழிக்காரர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெயசீலனும் சிரித்தார். நான் அதைக் கவனித்தேன்.

ஆனால் கேள்விகள் கேட்டது என்னிடம்தான். டச்சுக்காரர்கள் இங்கே என்ன வாங்கினார்கள், கோட்டை எப்படிப் போயிற்று, இந்தக் கால்வாய்க்கு முன் சரக்கு எப்படிச் சென்றது... ஓவர்சியர் அல்லவா, நீரும் மதகும் அவருக்கு ஆர்வம். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். ஒருவர் என் முகத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் கேட்டது அதுவே முதல் தடவை. அந்தப் பார்வைக்கு நானாக ஒரு பொருள் கொடுத்துக்கொண்டேன். பேதைமை! வயதும் படிப்பும் அதற்கு மருந்தாவதில்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பற்றிச் சபையாருக்கு விளக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். உள்ளே, எழுத்து பொறித்த ஒரு கல்லின் அருகில் ஜெயசீலனும் சுகிர்தாவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தார். என் விளக்கங்களைக் கேட்டபோது அவர் ஒருமுறைகூட அப்படிச் சிரிக்கவில்லை...

என் வாக்கியம் பாதியில் நின்றது. அந்தக் கணத்தில்தான் எனக்குள் ஏதோ ஒன்று கெட்டது.

சென்னையைத் தாண்டித் தெற்கே, காற்று விழுந்துவிட்டதால் கரையில் ஆட்கள் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். அன்று மாலை வழக்கம்போல் சுகிர்தாவுக்கு அவளுடைய வசனத்தைப் படித்துக் காட்டினேன்; புயல் அடங்குவதைப் பற்றிய வசனம். "இது நல்லா இருக்கு அக்கா, இன்னொரு தபா சொல்லு" என்றாள். இன்னொரு முறை சொன்னேன். நாளைக் காலை இது அவளுக்கு வராமல் செய்வது எப்படி என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் படகின் கூரைக் கூண்டின் அடியில் வட்டமாக அமர்ந்தோம். வாசிப்பை நைனாவிலிருந்து தொடங்குவதே அதுவரை வழக்கம். நான் சொன்னேன்:

"இன்னைக்கு மாமாலேருந்து ஆரம்பிக்கலாமே. பெரியவங்க."

பார்த்தீர்களா, எவ்வளவு மரியாதையான சொல்! வாத்தியார் மகிழ்ந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நைனா மட்டும் சட்டென்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

புத்தகம் வாத்தியாரிடமிருந்து அவர் மனைவிக்கு, அவரிடமிருந்து ஜெயசீலனுக்கு, பிறகு சுகிர்தாவிடம் வந்தது. வரிசை மாறிவிட்டது அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் கண்களைத் தாழ்த்தி, தெளிந்த குரலில், தான் பாடம் செய்திருந்த வசனத்தை முழுதாகச் சொன்னாள்.

"அம்மாடி, அது அடியில இருக்கு. நீ தாண்டிப் போயிட்ட" என்று வாத்தியார் அன்போடு குனிந்து, வரியின்மேல் விரல் வைத்தார். "இங்க... இதப் படி."

அவள் என்னைப் பார்த்தாள்.

"வெளிச்சம் போதவில்லை, கொடு" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கையை நீட்டியிருக்கலாம். இருமியிருக்கலாம்! எதுவும் போதுமாக இருந்தது. நான் என் முழங்கால்மேல் இருந்த சேலை மடிப்பைச் சரிசெய்தேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது மாமா" என்றாள் சுகிர்தா. "தெலுங்குதான் வரும். இதெல்லாம் காதால கேட்டு மனப்பாடம் பண்ணிக்கினு சொல்றதுதான்."

யார் வாயால் கேட்டாள் என்று சொல்லவில்லை. என் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

வாத்தியார் விரலை மெல்ல எடுத்தார். "பாடம் பண்ணிக்கினு..." என்று அவளுடைய சொல்லையே திருப்பிச் சொன்னார். பிறகு நைனாவிடம், "எங்க புள்ளைங்க தமிழ மறந்துடும்னு நான் மேடை மேடையாக் கத்தறேன். நீங்க என்னையே ஏமாத்திட்டீங்களே ஐயா" என்றார். குரல் உயரவில்லை. நைனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயசீலன் "அப்பா..." என்று தொடங்கினார். "நீ சும்மா இரு" என்றார் வாத்தியார். அவர் சும்மா இருந்துவிட்டார்.

மாமல்லபுரத்தில் அவர்கள் இறங்கிப் பேருந்து ஏறிவிட்டார்கள். நாங்கள் சதுரங்கப்பட்டினம்வரை போனோம். அங்கே பாழடைந்த கோட்டையின் நிழலில் நின்று, அதன் வரலாற்றைச் சபையாருக்கு ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தேன். அன்றுபோல் நன்றாக நான் எப்போதும் பேசியதில்லை. சுகிர்தா படகிலேயே இருந்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து வாத்தியாரிடமிருந்து ஆள் வந்தது. சின்னவளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெரியவளைக் கொடுப்பீர்களா? நைனா என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, கேளுங்கள்! எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. வெற்றி பெற்ற மாமனார் வீட்டில் நான் மருமகளாக விளக்கேற்றினேன். சுகிர்தா திருப்பதியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அங்கேயே வேலை, அங்கேயே வீடு. அவள் மணம் செய்துகொள்ளவில்லை.

மணமான புதிதில் ஒருநாள், ஏதோ பேச்சின் நடுவில், என் கணவர் சொன்னார்:

"உன் தங்கச்சிக்கு வாசிக்க வராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பழவேற்காட்டுல, அந்தக் கல்லறையில, அவளே சொல்லிட்டா. கல்லுல டச்சு எழுத்து இருந்துச்சு. 'இது எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சமம்'னா. சிரிப்பு தாங்கல எனக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் நானே சொல்லித் தர்றேன்னேன். அப்பாகிட்ட மெதுவா நான் சொல்லியிருப்பேன்... அதுக்குள்ள அந்த வாசிப்பு அப்படி மாறி வந்துடுச்சு. நேரம்!"

நேரம் என்றார். இன்றுவரை அப்படியே நம்புகிறார். அவள் எவரிடமும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவர்கள் நாங்கள், கெடுத்தவள் நான். முந்தின நாள் மாலை அந்த வசனத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. அதை அறிந்துவிட்டால் மீதியை அவரே கூட்டிக்கொள்வார்.

அவர் நல்லவர். என்னிடம் கடிந்து பேசியதில்லை. ஆனால் இத்தனை வருடங்களில் அவரைச் சிரிக்க வைக்க நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன்...

சுகிர்தா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறாள். பிள்ளைகளுக்கு லட்டு, எனக்குச் சேலை. அவருக்கு ஒரு வணக்கம். அவர்கள் இருவரையும் ஓர் அறையில் தனியே இருக்க நான் இந்த நாள்வரை விட்டதில்லை. சந்தேகத்தால் என்று நினைக்காதீர்கள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். அந்தப் பழைய பேச்சை யாராவது ஒருவர் தொட்டுவிட்டால் என்ற பயம். அன்று செய்ததைவிட இது கேவலமில்லையா? அன்று ஒரு காலை. இது என் ஆயுள் முழுதும்!

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் காபி கேட்டார். நான் எழுந்தேன், இரண்டடி வைத்துவிட்டு நின்றேன்.

"சுகிர்தா, நீயும் உள்ள வாயேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகு நேரம்போல் இருந்தது. பிறகு முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்தாள்.

"ஒரு காபி போட ரெண்டு பேரா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே, என் பின்னால் வந்தாள்.