கணவர் பெயர் என்ற கட்டம்

புதிதாக வேலைக்கு வரும் நர்சுகள் ரெஜிஸ்டர் எழுதுவதை வெட்டி வேலை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்ற பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

எண்பதுகளின் நடுவில் பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம நர்ஸ். அந்த ஊர் பால்வாடி டீச்சர் ருக்மணிக்கு இருபது வயது. முகம் முழுக்கச் சீழ் வைத்த பருக்கள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை என்று கேட்ட சேலத்துத் தோல் டாக்டர், கர்ப்பத்தடை மாத்திரையை ஆறு மாதம் சாப்பிடச் சொல்லிச் சீட்டு எழுதியிருந்தார்.

"மெடிக்கல்ல சீட்ட நீட்டுனேங்க்கா. தாலி இருக்குதான்னு கடைக்காரரு என் கழுத்தையே பாக்கறாரு. வாங்காமயே வந்துட்டேன். நீங்களே குடுங்கக்கா."

பிரஷர் பார்த்துவிட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று வந்த என் ஸ்டாக்கிலிருந்தே கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் ரெஜிஸ்டரில் வாங்குகிறவர் பெயரில் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டம் கணவர் பெயர். அதைக் காலியாக விட்டால் சூப்பர்வைசர் மெமோ கொடுப்பார்.

"கணக்கு இடிக்கும்டி. ஏதாச்சும் ஒரு பேரு போட்டுக்கறேன்" என்று சொல்லி, முருகன் என்று எழுதினேன். இரண்டு பேரும் சிரித்தோம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் மாதம் குமட்டியது. நான்காவது மாதம் முகம் தெளிந்தது. பாலக்கோட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

மாத்திரை வாங்குகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று சூப்பர்வைசர் அவ்வப்போது வீடு வீடாகப் போய் விசாரிப்பார். அன்றைக்கு நான் மீட்டிங்கில் இருந்தேன். மனுஷன் ரெஜிஸ்டரோடு நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருக்கிறார்.

"முருகன் சம்சாரம் ருக்மணி வூடு எதும்மா? கர்ப்பத்தடை மாத்திரை வாங்குதே, அந்தப் பொண்ணு."

குழாயடியில் பேசியது பாலக்கோடு போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினேன்.

"பருவுக்கு யாராச்சும் இந்த மாத்திரைய திம்பாங்களா நர்சம்மா? மொதல்ல அந்த முருகன் யாரு, சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அப்படி யாருமே இல்லீங்க. நானாத்தான் எழுதுனேன்."

"அப்ப இந்தச் சீட்டையும் நீங்களேதான் எழுதியிருப்பீங்க."

சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினேன். ருக்மணியின் அப்பா அவளைப் பால்வாடிக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். ஒரு நாள் அவளே வந்து, மிச்சமிருந்த இரண்டு அட்டைகளை மேஜையில் வைத்தாள்.

"ஸ்டாக்குல சேத்துக்குங்கக்கா. கணக்கு இடிக்கும்னு சொன்னீங்களே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சில மாதங்களில் பருக்களும் திரும்பி வந்துவிட்டன.

கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும், பெண்களே. மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. ரெஜிஸ்டரில் அடித்து எழுதக் கூடாது என்பது விதி, அதனால் அந்த வரியும் அப்படியே நின்றுவிட்டது. ருக்மணிக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. ரெஜிஸ்டரில் மட்டும் அவள் முருகனின் மனைவி.