மரத்த வாயோடு சொன்ன 'சரி'

கல்வராயன் மலை ஊர் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். சொத்தையான கடைவாய்ப் பல்லை, பல் நிறத்திலேயே அடைத்துக்கொள்ளக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். அடைத்து முடித்ததும் மருத்துவர் பற்களுக்கு நடுவே, இடிக்கும் இடத்தில் மை ஒட்டும் நீலத் தாளை வைத்து, "கடிங்கம்மா. அடைச்சது ஒசரமா தெரியுதா?" என்று கேட்டார். ஊசி போட்டதில் வாய் மரத்துக் கிடந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மலைக்குப் போகும் கடைசிப் பேருந்து கிளம்பிவிடுமே என்ற பதற்றத்தில், "சரியா இருக்குதுங்க" என்றேன்.

மறுநாள் சாப்பிடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது. "புதுசு இல்ல? போவப் போவ பழகிடும்" என்றார் கணவர். நானும் புதுச் செருப்பைப் போல நினைத்து, ஒரு மாதம் பொறுத்துக்கொண்டேன். வலி காது வரைக்கும் ஏறியது. ஒரு நாள் வறுத்த மொச்சையைக் கடித்தபோது சுரீரென்றது. பல் வேர்வரை பிளந்துவிட்டது.

"மறுநாளே வந்து சொல்லியிருந்தா, ரெண்டு நிமிசத்துல அந்த ஒசரத்த தேச்சு வுட்டிருப்பேனே" என்று வருத்தப்பட்டபடியே மருத்துவர் அதைப் பிடுங்கினார்.

பிறகு இன்னொரு பல்லை அடைத்தபோது, மரப்பு விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, கடித்துப் பார்த்து, இடிக்கிறது என்று சொல்லித் தேய்த்துக்கொண்டுதான் கிளம்பினேன். அந்தக் கடைசிப் பேருந்து இன்றும் ஓடுகிறது. அதில் ஏறி உட்கார்ந்தாலே, நாக்கு தானாகப் பல் இல்லாத பள்ளத்துக்குப் போய்விடுகிறது.