அப்பா என்னைக் கேட்கவில்லை

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்குகிறோம். இந்த நினைவு மலருக்காக எங்கள் அப்பாவைப் பற்றி எழுத நான் உட்கார்ந்தபோது, "நல்லத மட்டும் எழுது, அந்தத் துட்டி வீட்டுக் கதை வேண்டாம்" என்று பலரும் சொன்னார்கள். அந்தச் சாவு வீட்டுக் கதையை விட்டுவிட்டால் இது வேறு யாருடைய அப்பாவையோ பற்றிய கட்டுரையாகிவிடும். எழுதினால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது.

அப்பா சோழபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். ராஜபாளையத்தில் நூற்பு மில் ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து, தம்பிகள் இருவரையும் படிக்க வைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த எங்கள் அம்மாவை மணந்தார். யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து கை தூக்கும் பழக்கமும் அவரிடம் இல்லை.

எனக்குச் சேத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த சமயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மகள் வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டாள் என்பதற்காக, தெரு அந்த வீட்டையே ஒதுக்கி வைத்திருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் இறந்தபோது யாரும் போகக்கூடாது என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"என்னங்க, நிச்சயம் முடியட்டும். பொறவு போய்த் துட்டி கேட்டுக்கிடலாம்" என்று அம்மா கெஞ்சினார்.

"தூக்க ஆளில்லாம கெடக்கு. நம்ம நிச்சயத்துக்காகப் பொணம் காத்துக் கெடக்குமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். மில் நண்பர்கள் மூவரை அழைத்துவந்தார். அந்த வீட்டு மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னே நடக்க, நான்காவது ஆளாகத் தானும் தோள் கொடுத்தார்.

நான்காம் நாள் சேத்தூரிலிருந்து, ஒத்து வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு வாழ்க்கை அமைய அதன்பின் ஆறு வருடம் ஆனது. அதுவரை வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே, வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களோ என்று பயப்படுவேன். அப்பா செய்தது சரி. அன்றும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போகும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் போகச் சொல்லியிருப்பேனா? எனக்கே தெரியவில்லை. நல்லவேளை கேட்கவில்லை என்றும் சில நாள் தோன்றும்.

ஊரோடு ஒட்டிப் போகிறவர்களையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. சென்ற ஆண்டு பத்து நாள் மூச்சுத் திணறிக் கிடந்து அப்பா கண்மூடியபோது, தூக்க ஆள் வருமா என்றுதான் முதலில் பதறினேன். தெருவே வந்தது. அன்று போகக்கூடாது என்று சொன்னவர்கள்தான் மூன்று நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். முதலில் தோள் கொடுத்தவர் அந்தத் துட்டி வீட்டு மகன்.

இப்போது என் மகளுக்கு வத்திராயிருப்பில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கைக்கும் இந்த மலர் போகும். அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுதியதை அவளிடம் நீட்டி, "வேண்டாம்னா அந்தப் பக்கத்தக் கிழிச்சிருதேன்" என்றேன்.

படித்துவிட்டுத் தாள்களை அடுக்கி என் கையிலேயே வைத்தாள். "தாத்தா ஒன்னயக் கேக்கல. நீ என்னயக் கேட்டுட்டேல்லா. குடும்மா" என்றாள்.

கொடுக்கிறேன்.

அப்பாவைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், சோறு கொண்டுவந்த எங்கள் தெருவுக்கும் குடும்பத்தாரின் நன்றி. இதைப் படித்த பிறகும் வத்திராயிருப்பிலிருந்து எங்கள் வாசலுக்குச் சம்பந்தம் பேச யாராவது வந்தால், அவர்களுக்கும்.