ஸ்டிக் ஸ்டெல்லா கையில்தான் இருந்தது

ஸ்டெல்லா போய்விட்டாள்.

காலையில் வசந்திதான் போன் பண்ணிச் சொன்னாள். நேற்று நெஞ்சு வலிக்கிறது என்று மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனாளாம்... திரும்பி வரவில்லை.

ஸ்டெல்லா எங்கள் ஸ்கூல் பேண்டின் லீடர். ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்த்தவர்கள் "லீடர் வசந்திதானே?" என்பீர்கள். இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஸ்டெல்லா குள்ளம். பேண்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டாலும் என் தோளுக்குத்தான் வருவாள். நான் பேஸ் டிரம்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், லீடர் சுழற்றும் ஸ்டிக் பழகுவதற்கு ஏது? அவள் அம்மா கொழுந்தெடுக்கும்போது செடிமேல் வைத்து மட்டம் பார்க்கும் கம்பை எடுத்துச் சுழற்றுவாள். அது ஒருநாள் பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்து, லயமே கூடி அவளை ஏசியது. மறுநாளும் சுழற்றினாள்.

லீடர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பின்னால் யார் பிழை விடுகிறார்கள் என்று பார்க்க முடியாது. ஒருநாள் பிராக்டிஸில் என் அடி பிந்திப் பிந்திப் போனது. அவள் திரும்பவே இல்லை. தன் நடையைக் கொஞ்சம் சுருக்கினாள், எல்லோரும் சுருக்கினார்கள், நான் தாளத்துக்குள் வந்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

முடிந்த பிறகு வந்து, "என்னடி, காலையில சாப்புடலயா? கை இழுக்குது" என்றாள். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். உண்மையிலேயே அன்று நான் சாப்பிட்டிருக்கவில்லை.

இதற்கு மேல் ஒரு லீடருக்கு என்ன தகுதி வேண்டும்? எங்கள் பேண்டைப் பழக்கிய சேருக்கு வேண்டியிருந்தது. உயரம்.

மாவட்ட விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்திய வாரம் சேர் சொன்னார்: "லீடர்னா பார்வைக்கு எடுப்பா இருக்கணும். மேடையில பெரிய ஆளுங்க இருப்பாங்க. ஸ்டிக்க வசந்திகிட்ட குடு."

"மேடைக்கு ஸ்டிக் தெரிஞ்சா போதும்தானே சேர். நான் எதுக்குத் தெரியணும்?" என்றாள் ஸ்டெல்லா.

அந்த வாய்க்காக அவளுக்குக் கிடைத்தது சிம்பல்ஸ். அந்த வாரம்தான் போட்டோவும் எடுத்தார்கள். நடுவில் ஸ்டிக்குடன் வசந்தி. என் டிரம்முக்குப் பின்னால் ஒரு தொப்பி மட்டும் தெரிகிறதே, அதுதான் ஸ்டெல்லா.

போட்டி நாள். யுத்த காலம் அல்லவா, டவுனுக்கு முன்னால் செக் பொயின்ட்டில் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி ஐடென்டி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு ஆமிக்காரர் டிரம்களைப் பார்த்தார். தோலைக் கழற்றி உள்ளே காட்டச் சொன்னார்.

கழற்றினால் முடிந்தது கதை. திரும்ப மாட்டி, இழுத்து, சத்தம் சரிபார்ப்பதற்குள் போட்டியே தொடங்கிவிடும். சேர் ஸ்பேனரைத் தேடினார். வசந்தி ஸ்டிக்கைக் கட்டிப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா சிம்பல்ஸைக் கீழே வைத்துவிட்டு ஆமிக்காரர் முன்னால் போய் நின்றாள். அவருடைய நெஞ்சு உயரத்துக்குத்தான் அவள் தலை. சிங்களத்தில் பேசினாள். அவள் சொன்னது இதுதான்:

"உள்ளுக்கு ஏதாவது இருந்தா நாங்க இத அடிப்போமா? அடிச்சுக் காட்டுறோம். கேட்டுட்டு சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் திரும்பி வசந்தியிடம் கையை நீட்டினாள். "குடுடி." வசந்தி கொடுத்துவிட்டாள்.

எங்கள் பேண்டில் ஒரு சட்டம் உண்டு. லீடர் ஸ்டிக்கை உயர்த்தி இறக்கிக் காட்டும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. மழை வந்தாலும், பக்கத்தில் யாராவது மயங்கி விழுந்தாலும்.

அடித்தோம். ஒரு இளம் ஆமிக்காரர் நிறுத்தச் சொல்லிக் கத்தினார், கையைக் காட்டினார். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவைத்தான் பார்த்தோம். அவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டிக் இறங்கவில்லை.

கடைசியில் வயதான ஆமிக்காரர் ஒருவர் வந்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரோட்டுக்குக் குறுக்கே இருந்த கம்பைத் தூக்கிவிட்டார்.

ஸ்டெல்லா நடந்தாள். பஸ் பின்னால் கியூவில் நிற்க, நாங்கள் அடித்துக்கொண்டே டவுனுக்குள் போனோம். முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டி, கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்க்க, நேராக கிரவுண்டுக்கு. மேடைக்கு முன்னால் போன பிறகுதான் ஸ்டிக்கை இறக்கினாள்.

அடுத்த வாரம் சேர் ஸ்டிக்கைத் திரும்பவும் வசந்தியிடம் கொடுத்தார். போட்டோவையும் மாற்றவில்லை; மாற்றினால் தான் செய்தது பிழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

சில வருஷம் முன்னால் ஸ்கூல் விழாவுக்குப் போனபோது ஸ்டெல்லா அந்தப் போட்டோ முன்னால் நின்று சிரித்தாள். "தொப்பி நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

காலையில் வசந்தி அழுதுகொண்டே சொன்னது: "போட்டோவுல நிக்கிறது நான்தான்டி. ஆனா லீடர் அவதான்னு எழுது. நான் சொன்னேன்னே எழுது."

எழுதிவிட்டேன் வசந்தி.

ஸ்டிக்கை ஒருநாளைக்குத் தரச்சொல்லி ஸ்கூலில் கேட்டோம். ஸ்கூல் சாமான் வெளியே தர முடியாதாம். பரவாயில்லை. ஸ்டெல்லாவின் அம்மா அந்தப் பழைய கொழுந்துக் கம்பை எடுத்து வைத்திருக்கிறார். அதைத்தான் பெட்டிமேல் வைக்கப்போகிறோம்.

நாளை மூன்று மணிக்கு உக்குவளையில் அடக்கம். பேண்டில் இருந்தவர்கள் வாருங்கள். டிரம் வைத்திருப்பவர்கள் டிரம்முடன் வாருங்கள். சாவு வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

போய் வா லீடர். நீ ஸ்டிக்கை இறக்கிக் காட்டவில்லை... நாங்கள் நிறுத்தமாட்டோம்.